பெட்-சிடி ஸ்கேனில் மூச்சு அசைவு: மென்பொருள் இருந்தால் போதுமா?

பரேல்கதிர்

மும்பையில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். "மூச்சு அசைவைத் திருத்தும் மென்பொருள் எங்கள் மெஷினில் உண்டு" என்று ஸ்கேன் சென்டர்கள் இப்போது விளம்பரம் செய்கின்றன. நோயாளியின் வீட்டாரும் போனில் அதைக் கேட்டுக்கொண்டுதான் நேரம் வாங்குகிறார்கள். நல்ல தொழில்நுட்பம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது திருத்துவது பெட் படத்தை, அதாவது ஊசி மருந்து உடம்பில் எங்கே சேர்ந்தது என்று காட்டும் படத்தை. கூடவே எடுக்கும் சிடி (எக்ஸ்ரேயால் உடம்பின் உள்ளமைப்பைக் காட்டும் படம்) எந்த மூச்சில் எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. சிடி தப்பான மூச்சில் விழுந்திருந்தால் மென்பொருளின் கையில் பாதி வேலைதான் இருக்கிறது. இதை நம் ஆட்கள் தமிழில் விரிவாகப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. எப்.டி.ஜி என்பது கதிரியக்க ப்ளூரின்-18 சேர்த்த சர்க்கரை. ஊசி போட்டு ஒரு மணி நேரம் போல அமைதியாக உட்கார வைப்போம். பெரும்பாலான புற்றுக்கட்டிகள் அந்தச் சர்க்கரையை மற்ற திசுக்களைவிட அதிகமாக இழுக்கும். அங்கிருந்து 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு போட்டான்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். அவற்றைப் பிடித்துத்தான் பெட் படம் உருவாகிறது. மேஜை நின்று நின்று நகரும்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் 2, 3 நிமிடம் ஆகும். அதற்குள் நோயாளி முப்பது நாற்பது முறை மூச்சு விட்டிருப்பார். ஆக, பெட் படம் பல மூச்சுகளின் சராசரி. சிடி மார்பைச் சில நொடிகளில் கடந்துவிடும். அந்த நேரத்தில் உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை) எங்கே இருந்ததோ, படத்தில் அங்கேயே நின்றுவிடும்.

சாதாரண மூச்சிலேயே உதரவிதானம் 1 முதல் 2 செ.மீ. ஏறி இறங்குகிறது. ஆழமாக இழுத்தால் இன்னும் பல செ.மீ. கீழே போகும். அதனால் இரண்டு படங்களும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது. அது கண்ணுக்குத் தெரிகிற சிக்கல். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. போட்டான்கள் வெளியே வருவதற்குள் கணிசமானவை உடம்புக்குள்ளேயே சிதறிப்போகும். எவ்வளவு போயிற்று என்பதைச் சிடி காட்டும் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டுத் திரும்பச் சேர்க்கிறோம். அட்டென்யுவேஷன் திருத்தம் என்பது இதுதான். நோயாளி மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நேரத்தில் சிடி எடுத்திருந்தால், கல்லீரலின் உச்சி இருக்க வேண்டிய இடத்தில் சிடி நுரையீரலைக் காட்டும். மெஷின் சிடியை நம்பி, காற்று நிறைந்த நுரையீரலுக்கு உரிய சின்னத் திருத்தத்தை மட்டும் போடும். கல்லீரலுக்கு மேலே வாழைப்பழம் போல வளைந்த ஒரு வெளிறிய பட்டை விழும். அந்த இடத்தில் ஒரு கட்டி இருந்தால் அதுவும் வெளிறும், நுரையீரலுக்குள் இருப்பதாகவும் தோன்றும்.

உங்கள் சென்டரில் சிடியை எப்படி எடுக்கிறீர்கள்? நோயாளியாகப் போனவர்களும் சொல்லுங்கள்.

செம்பூர்வாசி

அண்ணா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன் ஊரிலேயே முடிந்தது. மேற்கொண்டு பார்க்க நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இங்கே கூட்டி வந்தோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது நுரையீரலின் அடியில் எப்.டி.ஜி இழுக்கும் சின்னப் புள்ளி ஒன்று இருக்கிறது என்றும், மூச்சு அசைவால் இடம் மாறித் தெரியலாம், கல்லீரல் உச்சியிலும் இருக்க வாய்ப்புண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கே என்று தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது?

அவருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. உள்ளே போனதும் ஹிந்தியில் ஒரு குரல் கேட்டதாம். "என்னமோ சொல்லுச்சும்மா, மூச்சைப் பிடிக்கச் சொல்லுறாங்கன்னு நெனச்சு நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன்" என்கிறார். புது மெஷின், மோஷன் கரெக்‌ஷன் உண்டு என்று சொன்னதால்தான் அங்கே போனோம். அப்புறம் எப்படி இப்படி ஆகும்?

பரேல்கதிர்

சகோதரி, முதலில் ஒன்று. ரிப்போர்ட் எழுதிய டாக்டர் சந்தேகத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அது நல்ல ரிப்போர்ட். பயப்பட வேண்டாம், இதைத் தெளிவுபடுத்த வழி இருக்கிறது.

அப்பா சொல்வதைக் கேட்டால் நடந்தது புரிகிறது. சிடி மெஷினில் ஏற்கெனவே பதிவு செய்த குரல் உண்டு. "மூச்சை இழு, பிடி, விடு" என்று சொல்லும். சாதாரண மார்பு சிடிக்கு அது வேண்டும், ஏனென்றால் நுரையீரல் நன்றாக விரிந்தால்தான் சின்ன முடிச்சுகள் தெரியும். பெட்டுடன் சேர்த்து எடுக்கும் சிடிக்கு அந்தக் குரலை நிறுத்திவிட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். நோயாளி தூங்குகிறவர் போல மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். சில இடங்களில் மூச்சைப் பாதி வெளியே விட்ட நிலையில் பிடிக்கச் சொல்வார்கள். அதுவும் பெட்டின் சராசரிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும்.

கல்லீரல் கட்டி நுரையீரலில் தெரிவது எப்போதோ நடக்கும் விபரீதம் இல்லை. 2003ல் அமெரிக்காவில் 300 பெட்-சிடி நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. 6 பேருக்குக் கல்லீரலில் இருந்த கட்டி நுரையீரலில் இருப்பதாகத் தெரிந்தது, அதாவது 2 சதவீதம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு நாளில் இந்த நகரத்தில் எத்தனை பேர் இந்த மேஜையில் படுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். அட்டென்யுவேஷன் திருத்தம் போடாத பெட் படத்தை ரிப்போர்ட் டாக்டர் பார்த்தாரா என்று ஒன்று. அந்தப் படத்துக்குச் சிடியே தேவையில்லை. அதனால் கல்லீரலின் வெளிவட்டம் உண்மையில் எங்கே முடிகிறது, புள்ளி அதற்கு உள்ளேயா வெளியேயா என்று அதில் தெரிய வாய்ப்பு அதிகம். இரண்டாவது, கல்லீரலுக்குத் தனியாக எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று.

பவாய்_பிக்சல்

கதிர் சார், மருத்துவப் படங்களுக்கான அல்காரிதம் எழுதும் வேலை எனக்கு. உங்கள் கவலை நியாயமானது, ஆனால் மென்பொருளைப் "பாதி வேலை" என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

முன்பெல்லாம் மூச்சை அளக்க வயிற்றில் அழுத்த உணரி வைத்த பெல்ட் கட்டுவார்கள், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வயிற்றில் வைத்து அதன் மேலுள்ள ஒளிரும் புள்ளிகளை அகச்சிவப்பு கேமராவில் பார்ப்பார்கள். பெல்ட் நழுவும், பெட்டி சரியும், கூடுதல் நேரம் ஆகும். நெருக்கடியான சென்டர்களில் அதை எடுத்துக் கட்ட யாருக்கும் நேரம் கிடையாது. இப்போது பெட் தரவிலிருந்தே மூச்சலையை எடுத்துவிடுகிறோம். தரவை அரை நொடி போன்ற சின்னத் துண்டுகளாக வெட்டி, முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்தால், துண்டுக்குத் துண்டு மாறும் மிகப் பெரிய மாற்றம் மார்பு நிறுத்தத்தில் பெரும்பாலும் மூச்சாகத்தான் இருக்கும். ஜிஇயின் மோஷன்ஃப்ரீ, சீமென்ஸின் ஆன்கோஃப்ரீஸ் ஏஐ எல்லாம் இந்த வழியில் போனவை. டெக்னாலஜிஸ்ட் ஒரு பொத்தானும் தொட வேண்டாம்.

முதல் தலைமுறை கேட்டிங்கில் மூச்சுச் சுழற்சியை ஆறேழு துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பிடிபட்ட போட்டான்களில் ஆறில் ஒரு பங்கு எண்ணிக்கைதான் கிடைக்கும், படம் மணல் மணலாக இருக்கும். இப்போது எல்லாத் துண்டுகளையும் வளைத்து நெளித்து ஒரே நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம். எண்ணிக்கை வீணாவதில்லை. கீழ் நுரையீரலில் 1 செ.மீ. கட்டி ஒன்றரை செ.மீ. ஆடினால், திருத்தாத படத்தில் அது நீளமாக, மங்கலாகத் தெரியும். எஸ்.யு.வி (கட்டி எவ்வளவு எப்.டி.ஜி இழுத்தது என்பதைச் சொல்லும் எண்) குறையும், கட்டியின் அளவு பெரிதாகத் தெரியும். திருத்திய படத்தில் அது கட்டியாகத் தெரியும். எத்தனை சின்னக் கட்டிகள் இதனால் தப்பாமல் பிடிபடுகின்றன!

கூடவே, டைம் ஆப் ஃப்ளைட் மெஷின்களில் போட்டான் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளக்கிறோம். அதில் சிடி பொருந்தாததால் வரும் பிழை தானாகவே குறைகிறது.

பரேல்கதிர்

தம்பி, நீங்கள் சொன்ன எதிலும் தவறில்லை. டைம் ஆப் ஃப்ளைட் பிழையைக் குறைக்கிறது, உண்மை. குறைப்பதற்கும் நீக்குவதற்கும் இடையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் போட்டான்கள் குறையும் வீதம் தண்ணீருக்கு ஒரு செ.மீ.க்கு 0.096. கல்லீரலும் கிட்டத்தட்ட அதேதான். நுரையீரலுக்குச் சுமார் 0.03. கல்லீரல் உச்சியைக் குறுக்காகக் கடக்கும் ஒரு கோட்டில் 5 செ.மீ. நீளத்துக்கு மெஷின் கல்லீரலை நுரையீரல் என்று எடுத்துக்கொண்டால், வித்தியாசமான 0.066ஐ 5ஆல் பெருக்க 0.33. இந்தக் குறைவு அடுக்குக்குறிக் கணக்கில் போவதால் (e^-0.33), திருத்தியபின் அந்தக் கோட்டுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை உண்மையில் இருக்க வேண்டியதில் 72 சதவீதம் மட்டுமே. எல்லாக் கோடுகளும் இதே அளவு பாதிக்கப்படாது, அதனால் கடைசிப் படத்தில் இழப்பு கூடலாம், குறையலாம். ஆனாலும் கால் பங்குக்கு மேல் ஒரு கோட்டில் காணாமல் போகிறது என்றால் அது விளையாட்டா?

இப்போது உங்கள் மென்பொருளுக்கு வருகிறேன். அது பெரும்பாலும் மூச்சை வெளியே விட்டு முடித்த நிலையைத்தான் அடிப்படையாக எடுக்கிறது. காரணம் சரிதான், மனிதர்கள் அதிக நேரம் அசையாமல் இருப்பது அங்கேதான். அந்த நிலையில் உதரவிதானம் மேலே இருக்கும். சிடி ஆழமாக இழுத்துப் பிடித்த மூச்சில் எடுக்கப்பட்டிருந்தால் உதரவிதானம் அடியில் இருக்கும். திருத்தாத பெட் இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி இடத்தில் இருந்தது. திருத்திய பெட்டை நீங்கள் மேலே கொண்டுபோய் வைத்ததும் சிடிக்கும் பெட்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது. கட்டியின் விளிம்பு கூராகிவிட்டது, ஆனால் அதன் எண் தவறு, இருக்கும் இடமும் தவறு. நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. மென்பொருள் நன்றாக வேலை செய்யும் சென்டரில்தான் சிடியில் இன்னும் கவனம் வேண்டும் என்கிறேன்.

சயான்_டாக்டர்

இழையைப் பார்த்து மகிழ்ச்சி. ரிப்போர்ட் எழுதுகிறவளாகச் சில வார்த்தைகள்.

இந்தச் சிக்கல் பெட்டோடு பிறந்தது இல்லை என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் முதல் பெட் மெஷின் 2002ல் இதே பரேலில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரேடியேஷன் மெடிசின் சென்டருக்கு வந்தது. அந்தத் தலைமுறை மெஷின்களில் சிடி கிடையாது. கதிரியக்க ஜெர்மானியம்-68 கம்பிகள் நோயாளியைச் சுற்றி வரும், அடர்த்தியை அளக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிமிடக்கணக்காகும். அந்த நிமிடங்களில் நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். அதனால் அடர்த்தி வரைபடமும் சராசரி, பெட்டும் சராசரி, இரண்டும் இயல்பாகவே பொருந்தின. டவுன்செண்டும் நட்டும் சேர்ந்து உருவாக்கிய பெட்-சிடியின் முதல் மாதிரி 1998ல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. 2004ல் டாடா மெமோரியலுக்கு இந்தியாவின் முதல் பெட்-சிடி வந்தது. வேகம் கிடைத்தது, துல்லியமான உடற்கூறு கிடைத்தது, இந்தப் பொருத்தம் போயிற்று. சிடியின் வேகமே இதற்குக் காரணம். ஆகவே, அதன் வேகத்தைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் இந்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு ஒரு பழக்கம். படத்தைத் திறந்ததும் முதலில் பக்கவாட்டாக வெட்டிய படங்களில் கல்லீரல் உச்சியைப் பார்ப்பேன். வெளிறிய பட்டை இருந்தால், அந்தப் பகுதியில் நான் அளக்கும் எந்த எஸ்.யு.வியையும் நம்பமாட்டேன். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றில், சிகிச்சைக்கு எவ்வளவு பலன் என்று டோவில் மதிப்பெண் போடும்போது கல்லீரல்தான் அளவுகோல். அளக்கும் வட்டத்தை உச்சியில் வைத்தால் அளவுகோலே குறைந்துவிடும். நல்ல பதில் தந்த நோயாளியை மோசம் என்று எழுத நேரும். பெட் படத்தில் மருந்தின் பலனை அளக்கும் பெர்சிஸ்ட் அளவுகோலில் கட்டியின் எண் 30 சதவீதம் குறைந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்கிறோம். போன ஸ்கேனில் ஒரு மூச்சு, இந்த ஸ்கேனில் வேறு மூச்சு என்றால் அந்த 30ல் எவ்வளவு மருந்தால், எவ்வளவு மூச்சால்?

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நுரையீரலில் காசநோயின் முடிச்சும் எப்.டி.ஜியை இழுக்கும். கல்லீரலில் இருக்கும் கட்டி நுரையீரல் அடியில் தெரிந்தால், "காசநோயாக இருக்கலாம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று ஒரு மாதம் போய்விடும். பெருங்குடல் புற்றில் கல்லீரலில் ஒரே ஒரு கட்டி என்றால், அதை வெட்டி எடுத்துக் குணமாக்கும் வாய்ப்புகூட உண்டு. அந்த ஒரு மாதம் முக்கியம்.

செம்பூர் சகோதரிக்கு: கதிர் சொன்னபடி எம்ஆர்ஐ நல்ல வழி. மற்றவர்களுக்கு ஒரு விஷயம். ப்ளூரின்-18ன் அரை ஆயுள் 110 நிமிடம். நோயாளி சென்டரை விட்டுக் கிளம்புவதற்கு முன் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டால், பொருந்தவில்லை என்றதும் மார்பு-கல்லீரல் நிறுத்தத்தை மட்டும் புதுச் சிடியுடன் மறுபடி எடுக்கலாம். மறுபடி ஊசி வேண்டாம். மறுநாள் வரச் சொன்னால் மறுபடி ஊசி, மறுபடி பட்டினி, மறுபடி தாதரில் தர்மசாலாவிலிருந்து டாக்சி. அந்த ஒரு பார்வைக்கு ஆகிற நேரத்தை ஒதுக்க நான் எப்போதும் சண்டை போடுவேன்.

செம்பூர்வாசி

டாக்டர், ரொம்ப நன்றி. எம்ஆர்ஐக்கு எழுதி வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். இரண்டு சிடி எடுத்தால் என்ன, ஒன்று மூச்சைப் பிடித்து, ஒன்று சாதாரணமாக? கதிர்வீச்சு அதிகமாகிவிடுமா?

சயான்_டாக்டர்

பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், அம்மா. சாதாரண மூச்சில் குறைந்த கதிர் அளவில் ஒரு முழுச் சிடி, பெட்டைத் திருத்துவதற்கு. அப்புறம் மார்புக்கு மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொன்று, சின்ன முடிச்சுகளைத் தேட. கூடுதல் கதிர்வீச்சு கொஞ்சம்தான். புற்றுநோயாளிக்கு அதனால் கிடைக்கும் தெளிவோடு ஒப்பிட்டால் தயங்க வேண்டியதில்லை. தப்பு எங்கே நடக்கிறது என்றால், ஒரே சிடியில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைக்கும்போது.

லீனாக்

ரேடியோதெரபி பக்கத்திலிருந்து. நான் மெடிக்கல் பிசிசிஸ்ட்.

எங்களுக்கு இது பழைய பிரச்சினை, எங்கள் கதிர்க் கற்றை மில்லிமீட்டர் கணக்கில் பாய்வதால் தப்பிக்க முடியாது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 76ஆவது பணிக்குழு 2006ல் அறிக்கை தந்தது. கட்டி 5 மி.மீ.க்கு மேல் ஆடினால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. நாங்கள் மூச்சின் எல்லாக் கட்டங்களையும் பதிவு செய்யும் 4டி சிடி எடுத்து, கட்டி போய்வரும் மொத்த இடத்தையும் இலக்காக வரைகிறோம். மருத்துவமனையில் இரண்டு துறையும் ஒரே கட்டடத்தில் இருந்தும் பெட் பக்கம் ஒரு மூச்சு, எங்கள் பக்கம் வேறு மூச்சு என்று படங்கள் வருவதைப் பார்க்கிறேன். திட்டமிட வேண்டிய நோயாளி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், 4டி சிடியின் சராசரியையே பெட்டைத் திருத்தவும் பயன்படுத்தலாம்.

பயிற்சி பற்றி ஒன்று. இடது மார்பகப் புற்றுக்குக் கதிர் கொடுக்கும்போது இதயத்தைத் தள்ளிவைக்க மூச்சை இழுத்துப் பிடிக்க வைக்கிறோம். அதற்கு முன்னால் நோயாளியை உட்கார வைத்துப் பழக்குகிறோம். பழக்கியவர்கள் அற்புதமாகச் செய்கிறார்கள், படிப்பறிவு இல்லாத பாட்டிகளும்கூட. பெட் பக்கத்தில் அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

பரேல்கதிர்

லீனாக் சார், அந்த ஒரு மணி நேரத்தில் பேசக்கூடாது, நடக்கக்கூடாது என்று நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம், தசை சர்க்கரையை இழுக்கும் என்று. அதனால் பயிற்சியை ஊசிக்கு முன்னால், சர்க்கரை அளவு பார்க்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில நிமிடம் போதும். படுக்க வைத்து, வயிற்றில் அவர் கையையே வைத்து, "இந்தக் கை கொஞ்சமாக மட்டும் ஏறி இறங்கணும்" என்று காட்டினால் எந்த மொழிக்காரருக்கும் புரிகிறது.

மொழிதான் இந்த நகரத்தில் பெரிய விஷயம். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலாவில் தங்கி வருகிறவர்களைப் பாருங்கள்: பீகார், வங்காளம், ஒடிசா, நம் தென்மாவட்டங்கள். மெஷினில் வரும் குரல் ஒன்றிரண்டு மொழியில்தான் இருக்கும். ஆனால் பல மெஷின்களில் நாமே குரல் பதிவு செய்து சேர்க்கும் வசதி உண்டு. தமிழ், மராத்தி, பெங்காலி, தெலுங்கு என்று சென்டரில் வேலை பார்க்கும் நர்ஸ், வார்டுபாய், ரிசப்ஷன் பெண் யாராவது ஒருவர் பேசிப் பதிவு செய்யலாம். செலவு ஒரு பைசா இல்லை. புது மென்பொருளுக்கு லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடும் நிர்வாகம் இதற்கு ஒரு மதிய நேரம் ஒதுக்கட்டும். இதைத்தான் நான் மன்றாடிக் கேட்கிறேன்.

வீட்டாருக்கு: இருமல், மூச்சிரைப்பு, மல்லாந்து படுக்க முடியாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தலையணை மாற்றலாம், கைகளை மேலே தூக்கி வைப்பதில் விட்டுக்கொடுக்கலாம். பாஷை தெரியாதவர் என்றால் சிடி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று டெக்னீஷியனிடம் கேட்டு நீங்களே அவருக்கு விளக்கிவிட்டு வெளியே வாருங்கள். தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், இயல்பாக, மேலோட்டமாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

அந்தாப்ஹில்

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டையும் முடித்துவிட முடியாதா?

பவாய்_பிக்சல்

வழக்கமான மெஷினில் கஷ்டம், எண்ணிக்கை போதாது. ஒரு நிறுத்தத்துக்கே நிமிடங்கள் வேண்டும். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கத்தில் பங்கெடுத்த எக்ஸ்ப்ளோரர் மெஷின் 194 செ.மீ. நீளம், தலை முதல் கால்வரை ஒரே நேரத்தில் பார்க்கும். அதன் உணர்திறனில் ஒரு மூச்சுப் பிடிப்புக்குள் பயன்படும் படம் எடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். நம் சாதாரண சென்டர்களுக்கு அந்த விலை எட்டாது.

கதிர் சார், உங்கள் கணக்கைப் பார்த்தபின் யோசித்தேன். கேட்டிங் செய்த பெட்டுக்கு, அதே நிலையில் எடுத்த சிடி இல்லை என்றால் இடைவெளி கூடும் என்பது சரி. அதைச் சரிசெய்ய ஆய்வுகள் நடக்கின்றன. சிடியை வளைத்துப் பெட்டின் நிலைக்குக் கொண்டுவருவது ஒரு வழி. இன்னொன்று, டைம் ஆப் ஃப்ளைட் தரவிலிருந்தே மருந்தின் செறிவையும் திசுவின் அடர்த்தியையும் சேர்த்துக் கண்டுபிடிப்பது. ஒரு மாறிலியைத் தவிர மற்றதெல்லாம் தரவிலேயே இருக்கிறது என்று 2012ல் பெல்ஜியம் குழு கணிதமாக நிரூபித்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. ஆனால் சிடி மூச்சை இழுத்துப் பிடித்தது, பெட் விட்ட நிலை என்று இவ்வளவு தூரம் இருக்கும்போது வளைப்பதும் தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல தொடக்கம் கிடைத்தால் எங்கள் அல்காரிதம் மீதியை நன்றாகச் செய்யும். உங்கள் குரல் பதிவு யோசனைக்கு நான் வார இறுதியில் வந்து உதவத் தயார், சத்தம் நீக்கிச் சரியான நீளத்துக்கு வெட்டித் தருகிறேன்.

பரேல்கதிர்

தம்பி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பெங்காலிக்கும் ஒடியாவுக்கும் ஆள் இருக்கிறது, தெலுங்குக்குத்தான் இன்னும் தேடுகிறேன்.

செம்பூர்வாசி

எம்ஆர்ஐ முடிவு வந்தது. கல்லீரலில்தான், மேலே எட்டாவது பகுதியில், ஒன்றே ஒன்று. நுரையீரல் சுத்தம். கல்லீரல் ஆபரேஷன் செய்யும் சர்ஜனைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கேட்டிராவிட்டால் நான் இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டிருக்கவே மாட்டேன்.

சயான்_டாக்டர்

சர்ஜனிடம் பெட்-சிடி, எம்ஆர்ஐ இரண்டின் படங்களும் பதிந்த வட்டுகளைக் கொடுங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அடுத்த பெட் எடுக்கும்போது இந்த ஸ்கேனைக் காட்டி, "சிடி சாதாரண மூச்சில் வேண்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒப்பிட வசதியாக இருக்கும்.

முலுண்ட்_ஈஸ்ட்

இழை முழுக்கப் படித்தேன். என் அம்மாவுக்கு அடுத்த வாரம் இதய ஸ்கேன், ஊசி போட்டு எடுக்கிறது, சிடியும் சேர்ந்தது என்றார்கள். இதயத்துக்கும் இந்த மூச்சுக் குழப்பம் வருமா?

சயான்_டாக்டர்

வரும். கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். இதயம் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதோடு சேர்ந்து ஆடும். சிடியில் இதயம் கொஞ்சம் விலகியிருந்தால் இடது அறையின் பக்கச் சுவர் நுரையீரலின் மேல் விழும். திருத்தம் குறைவாகப் போய், அங்கே ரத்த ஓட்டம் குறைந்ததுபோலத் தெரியும். அடைப்பே இல்லாதவருக்கு அடைப்பு என்று எழுத நேரும். 2007ல் ஹூஸ்டனில் 259 பேரின் இதயப் பெட்-சிடியைப் பார்த்ததில் 40 சதவீதம் பேருக்கு இப்படிப் பொய்யான குறை தெரிந்திருந்தது. பொருத்தத்தைச் சரிசெய்தபின் அவை மறைந்தன.

நல்ல செய்தி என்னவென்றால் இதயத்தில் இதைச் சரிசெய்வது எளிது. மென்பொருளில் சிடியை நகர்த்தி இதயத்தின் மேல் சரியாக உட்கார வைத்து மறுபடி படம் உருவாக்கலாம், நோயாளி திரும்ப வர வேண்டியதில்லை. அம்மாவுக்கு எடுப்பது பெட்டோ, ஸ்பெக்டோ (ஊசி மருந்தை வைத்தே எடுக்கும் இன்னொரு வகை ஸ்கேன்), எதுவானாலும் "இதயப் படமும் சிடியும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதானே ரிப்போர்ட் எழுதுவீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அம்மா மூச்சைப் பிடிக்க வேண்டாம். காபி, டீ முந்தின நாளே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், அதையும் மறக்க வேண்டாம்.